தண்டையார்பேட்டை பக்கம் பசங்களோட ஓசிடிக்கு தெரபி: நாங்க போற இடம் எப்படின்னு கொஞ்சம் நீளமா

ஓசிடின்னா வேண்டாத பயமும் நெனப்பும் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க கழுவறது, கேக்கறதுன்னு ஒரே சடங்கை செஞ்சுக்கினே இருக்கற மனசு வியாதி. இடத்தோட பேரை இதுல போடல. எங்க அக்கா பையனுக்காகத்தான் போறோம், 12 வயசு, ஏழாவது படிக்கிறான். நம்ம பக்கம் கிளினிக் பேரையும் பையன் வயசையும் சேர்த்து சொன்னாலே போதும், இன்னாரு வீட்டுப் புள்ளன்னு சாயங்காலத்துக்குள்ள டீக்கடை வரைக்கும் போயிடும். தண்டையார்பேட்டை மெட்ரோல இறங்கினா நடக்கிற தூரம், மாடில இருக்குது, பசங்களையும் டீனேஜ் புள்ளைங்களையும் மட்டும் பாக்குறாங்க, அந்தளவுக்கு தெரிஞ்சா போதும். நேர்ல கேட்டா சொல்றேன்.

நான் மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட். மாத்திரை சீட்டு எழுதற இடம் எல்லாம் எனக்கு அத்துப்படி, ஆனா ஓசிடிக்கு பையனை உக்கார வெச்சு நெஜமா தெரபி பண்ற இடம்னு தேடினப்பதான் வட சென்னைல அது எவ்ளோ கம்மின்னு தெரிஞ்சுது. போர்டுல எல்லாரும் கவுன்சிலிங்னு போட்டுருக்காங்க. கதவை சாத்தினப்புறம் உள்ள இன்னா நடக்குதுன்னு கேட்டாதான் விஷயம் தெரியும், நான் இங்க எழுதப்போறதும் அதைப் பத்திதான்.

வீட்டு நிலைமை கொஞ்சம் சொன்னாதான் மீதி புரியும். எங்க ஆயா காசிமேட்டுல மீன் எடுத்து தெருவுல வித்து எங்களை வளர்த்தவங்க, இப்பவும் முழுசா விடல. பையனுக்கு ஒரு கட்டத்துல ஆயா தொட்டது எல்லாமே கலீஜ் ஆயிடுச்சு. தட்டு, டம்ளர், கதவு தாப்பா, டிவி ரிமோட்டு எல்லாம். மொதல்ல கை கழுவறது, அப்பால முழங்கை வரைக்கும், அப்பால ஸ்கூல் விட்டு வந்தா முழுக் குளியல். எங்க தெருவுல தண்ணி விடியக்காத்தால வரும், குடத்துல புடிச்சு டிரம்ல ஊத்தி வெப்போம், அந்த டிரம்மை லீவு நாள்ல மத்தியானத்துக்குள்ள இவன் ஒருத்தனே காலி பண்ணிடுவான், கீழ் வீட்டுக்காரங்களோட அதுக்கு சண்டை வேற. விரல் இடுக்குல எல்லாம் தோலு வெடிச்சு ரத்தம் வரும். இன்னொரு பக்கம் அதே ஆயா மேல உயிரு. "சித்தி, ஆயாக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? சித்தி, நான் நெனச்சா நடந்துடாதுல்ல?" தூங்குற வரைக்கும் இதே கேள்வி. ஆவாதுடான்னா அடங்குவான், ரெண்டு நிமிஷம் கழிச்சு திரும்ப கேப்பான். அக்கா ஒரு தடவ சொல்லணும், நான் ஒரு தடவ சொல்லணும், அதே வார்த்தைல அதே டோன்ல வரணும், கொஞ்சம் மாத்தி சொன்னா செல்லாது, மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வெளிய பாக்குறவங்க எவ்ளோ சுத்தமா இருக்கான் பாருன்னு பாராட்டிட்டு போவாங்க, கடுப்பா இருக்கும்.

இது அபூர்வமான வியாதி எல்லாம் இல்ல. 100 பசங்களை எடுத்தா 1ல இருந்து 3 பேருக்கு வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்க, அப்படின்னா ஒரு பெரிய ஸ்கூல்ல எவ்ளோ பேருன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. பாதி வீட்டுல அதை புடிவாதம்னு நெனச்சு அடிக்கிறாங்க.

இங்க வர்றதுக்கு முன்னாடி வேற இடங்களுக்கும் போனோம். ஒரு இடத்துல டோக்கன் போட்டு ரொம்ப நேரம் உக்காந்து, உள்ள போனா அஞ்சு நிமிஷம், ஒரு மாத்திரை, கூடவே "கை கழுவறதை வீட்லயே கொஞ்சம் கொஞ்சமா குறைக்கச் சொல்லுங்க, மனசை கண்ட்ரோல் பண்ணச் சொல்லுங்க"ன்னு ஒரு அட்வைஸ். எப்படி குறைக்கிறதுன்னு அக்கா கேட்டா, நீங்கதான்மா பாத்துக்கணும்னு அடுத்த டோக்கனை கூப்டாங்க. இன்னொரு இடத்துல பையனை சாய்வு நாற்காலில படுக்க வெச்சு கண்ணை மூடி மூச்சை இழுத்து விடு, கடற்கரைல இருக்கற மாதிரி நெனச்சுக்கோன்னு சொல்லிக்குடுத்தாங்க. கடற்கரைன்னா அவனுக்கு காசிமேடு, மீன், கலீஜ், அது அவங்களுக்குத் தெரியல.

கடைல கூட்டம் இல்லாத நேரத்துல நான் போன்ல ஆராய்ச்சிக் கட்டுரை படிப்பேன், படிக்கப் படிக்கத்தான் எங்களுக்கு ஏன் அந்த ரெண்டும் வேலைக்கு ஆவலன்னு புரிஞ்சுது. 2011ல அமெரிக்கால ஜாமான்ற மெடிக்கல் ஜர்னல்ல ஒண்ணு வந்துச்சு, மாத்திரை சாப்பிட்டும் அரைகுறையா நின்னுட்ட 124 பசங்க, 7ல இருந்து 17 வயசு. ஒரு குரூப்புக்கு மாத்திரை மட்டும், இன்னொண்ணுக்கு மாத்திரை குடுக்கற டாக்டரே அந்த விசிட்ல சுருக்கமா சிபிடி, அதாவது நெனப்பையும் நடத்தையையும் மாத்தப் பழக்கற தெரபி, எப்படி செய்யணும்னு சொல்லிக்குடுக்கறது, மூணாவதுக்கு மாத்திரையோட முழுசா உக்காந்து செய்யற சிபிடி. 12 வாரம் கழிச்சு பாத்தா மாத்திரை மட்டும் 30 சதவீதம், டாக்டர் சொல்லிக்குடுத்த குரூப்பு 34 சதவீதம், முழு தெரபி 68.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். நடு குரூப்பைப் பாருங்க. சொல்லிக்குடுத்ததுக்கும் ஒண்ணும் சொல்லாம விட்டதுக்கும் வித்தியாசமே இல்லன்னு சொல்லலாம். அதுதான் எங்களுக்கு கிடைச்ச அஞ்சு நிமிஷ அட்வைஸ்!

மூச்சுப்பயிற்சிக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்குது, 2014ல வந்தது. 5ல இருந்து 8 வயசு சின்னப் பசங்க 127 பேரு, பாதி பேருக்கு குடும்பத்தோட சேர்த்து செய்யற சிபிடி, பாதி பேருக்கு குடும்பத்தோட சேர்த்து ரிலாக்ஸேஷன். 14 வாரத்துல சிபிடி பக்கம் 72 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், ரிலாக்ஸேஷன் பக்கம் 41 சதவீதம். எங்க பையன் வயசு அதிகம், அதனால அப்படியே பொருத்திப் பாக்க முடியாதுதான். 41 ஒண்ணும் சின்ன நம்பரும் இல்ல, யாரோ ஒருத்தரு பொறுமையா புள்ளகூட உக்காந்தாலே கொஞ்சம் நல்லதுதான் நடக்குது போல. ஆனா ரெண்டுக்கும் ஒரே ஃபீஸுன்னா நான் 72 பக்கம்தான் போவேன்.

சரி, இப்ப இந்த இடம். ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுகிட்ட ஃபோன்லயே கேட்டேன், ஈஆர்பி பண்ணுவீங்களான்னு. அதாவது பயப்படுற விஷயத்தை தொட வெச்சு, அப்பால கழுவற, செக் பண்ற, திரும்பத் திரும்ப கேக்கற அந்த சடங்கை செய்யாம இருக்க வெக்கிறது. சிபிடின்னு பொதுவா சொல்றாங்களே, ஓசிடில அதுக்குள்ள இருக்கற உயிர்நாடி இதுதான். 1966ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இப்படி ரெண்டு பேருக்கு பண்ணி எழுதினதுலருந்து ஆரம்பிச்சது, அறுபது வருஷமா ஓடிக்கினு இருக்குது. அந்தப் பொண்ணு லைன்ல வெச்சிட்டு தெரபிஸ்ட் மேடம்கிட்டயே குடுத்துட்டாங்க. மேடம் சொன்ன முதல் வார்த்தை, "பண்ணுவோம், ஆனா வீட்ல இருக்கறவங்களும் வரணும், பையனை மட்டும் விட்டுட்டு போனா வேலைக்கு ஆவாது." அப்பவே எனக்கு பாதி நம்பிக்கை வந்துடுச்சு.

முதல் சிட்டிங்ல பையனை எதையும் தொடச் சொல்லல. வியாதிக்கு ஒரு பேரு வெக்கச் சொன்னாங்க, நீ வேற, அது வேற, அது வந்து உன்னை ஆட்டிவெக்குதுன்னு புரியறதுக்கு. பசங்களுக்கான சிபிடில இது ரொம்ப நாளா இருக்கற முறைதான். எங்காளு யோசிக்கவே இல்ல, ‘பேஜாரு’ன்னு வெச்சான். அன்னிலருந்து வீட்ல ஓசிடின்ற வார்த்தையே கிடையாது, "பேஜாரு வந்துருச்சாடா?"ன்னுதான் கேப்போம். அப்பால ஒரு தர்மாமீட்டர் படம், 0ல இருந்து 10 வரைக்கும். எதைத் தொட்டா பயம் எவ்ளோன்னு அவனே நம்பர் போடணும். கிளினிக் கதவுக் கைப்பிடி 3, மெட்ரோ கம்பி 5, ஷேர் ஆட்டோ கம்பி 6, ஆயா துண்டு 8, ஆயா மீன் கூடை 10. கீழ இருந்து மேல ஏறணும், எப்ப ஏறணும்னு அவனும் சேர்ந்துதான் முடிவு பண்ணுவான், யாரும் கையைப் புடிச்சு இழுத்து தொட வெக்க மாட்டாங்க. இதை அழுத்தி சொல்றேன், ஏன்னா ஈஆர்பின்னா புள்ளய கொடுமைப்படுத்தறதுன்னு ஒரு பேச்சு ஓடுது.

எனக்கு ரொம்ப புடிச்சது, மேடம் ரூமுக்குள்ளயே இருக்கல. பையனை கூட்டிக்கினு கீழ ரோட்டுக்கே வந்துட்டாங்க. ஸ்டாண்டுல நின்ன ஷேர் ஆட்டோக்காரர்கிட்ட "அண்ணா ரெண்டு நிமிஷம்"னு சொல்லிட்டு, மொதல்ல அவங்களே கம்பியை நல்லா அழுத்திப் புடிச்சாங்க, அதே கையால தன் முகத்தை, துப்பட்டாவை, ஹேண்ட்பேக்கை தடவினாங்க, அப்பால இவனைப் பாத்தாங்க. அண்ணன் இன்னாடா நடக்குதுன்னு முழிச்சாரு, ஆனா ஒண்ணும் சொல்லல. இவன் மொதல்ல ஒரு விரல், அப்பால மூணு விரல், அப்பால உள்ளங்கை. வாங்கின பஜ்ஜியை அதே கையால சாப்பிட்டான், கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா சாப்பிட்டான். அதுதான் அன்னிக்கு பாடம். வீட்டுக்கு வர்ற வழில மெட்ரோல கம்பியைப் புடிச்சுக்கினு வரணும், வீட்ல அரை மணி நேரம் கை கழுவக்கூடாது, அது ஹோம்வொர்க்.

மீன் கூடை 10ன்னு சொன்னேன்ல, அது வீடியோ சிட்டிங்ல நடந்துச்சு. மழை காலத்துல எங்க தெருவுல இருந்து வெளிய வரவே முடியாது, அதனால மேடமே வீடியோல பண்ணிக்கலாம்னாங்க. எனக்கு மொதல்ல ஒப்பல, இவ்ளோ காசு குடுத்து போன்லயான்னு. ஆனா யோசிச்சா பேஜாரு இருக்கறது எங்க வீட்ல, கிளினிக்ல இல்ல. 2021ல ஸ்வீடன்ல 8ல இருந்து 17 வயசு வரைக்கும் 152 பசங்களை வெச்சு பாத்துருக்காங்க, மொதல்ல இன்டர்நெட் வழியா தெரபிஸ்ட் உதவியோட சிபிடி, அதுல போதலன்னா மட்டும் நேர்ல, இன்னொரு பாதிக்கு ஆரம்பத்துலருந்தே நேர்ல. ஆறு மாசம் கழிச்சு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு வந்துச்சு. எங்களது அந்த மாதிரி ஆன்லைன் ப்ரோக்ராம் இல்ல, வெறும் வீடியோ கால்தான், இருந்தாலும் தைரியம் வந்துச்சு.

போனை தண்ணி டிரம்முல சாய்ச்சு வெச்சோம். ஆயா அருவாமனைய போட்டு உக்காந்து சங்கரா மீனை செதில் எடுக்கறாங்க, செதில் தரையெல்லாம் தெறிக்குது. பையன் எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்துருக்கான், முழங்கால் ஆடுது. மேடம் போன்ல, "இப்ப எவ்ளோ?" "9 மிஸ்." "சரி, 9லயே இரு." ஒரு செதிலை எடுத்து உள்ளங்கைல வெச்சான். அப்பால செவுளைத் தொட்டான். அப்பால அந்தக் கையால தன் தலகாணி உறையை, ஸ்கூல் பேக்கு ஜிப்பை தொடச் சொன்னாங்க, ஏன்னா கலீஜ் இல்லாத ஒரு மூலைய அவன் மிச்சம் வெச்சிட்டா பேஜாரு அங்க போய் உக்காந்துக்கும். ஆயாக்கு தாங்கல, "ஏம்மா, மீன் கழுவின கைய கழுவாம இருக்கச் சொல்றியே, நாங்களே கழுவுவோமே!"ன்னு போன்கிட்ட சண்டை. மேடம் சிரிச்சாங்க, "நீங்க ஒரு தடவ கழுவிட்டு வேலையப் பாப்பீங்க ஆயா, அவன் அந்த ஒரு தடவைக்கு வர்றதுக்காகத்தான் இன்னிக்கு கொஞ்ச நேரம் ஓவரா பண்றோம்"னாங்க. ஆயா அதுக்கப்புறம் வாயே திறக்கல.

இதுல ஒரு விஷயம், பழைய புஸ்தகத்துல எல்லாம் பயம் தானா இறங்கற வரைக்கும் உக்காரணும்னு இருக்கும். அன்னிக்கு நம்பர் 7க்கு கீழ இறங்கவே இல்ல. நான் போச்சுன்னு நெனச்சேன். மேடம் கண்டுக்கவே இல்ல. 7 இருந்தும் அவன் கை கழுவாம உக்காந்து கணக்கு ஹோம்வொர்க் போட்டான்ல, அதுதான் வேணும்னாங்க. பயம் குறைஞ்சாதான் ஆச்சுன்னு இல்ல, பயந்தது நடக்கலன்றதையும் அந்த பயத்தை வெச்சுக்கினே இருக்க முடியும்ன்றதையும் மூளை கத்துக்கணும், அந்தப் புதுப் பாடம் பழசை அமுக்கும்னு மிஷெல் க்ராஸ்க் மாதிரி ஆராய்ச்சியாளருங்க சொல்றது அதுதான். மேடம் புதுசு புதுசா வர்றதை படிக்கிறவங்கன்னு எனக்கு அதுலயே தெரிஞ்சுது.

அப்பால குடும்பப் பாடம். எனக்கு ஃபீஸுல பாதி இதுக்கே குடுக்கலாம்னு தோணுது. வீட்ல இருக்கறவங்க பேஜாருக்கு இன்னா இன்னா சேவை பண்றோம்னு ஒரு லிஸ்ட் எழுதச் சொன்னாங்க. தனித் தட்டு, அவனுக்குன்னு ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கவரு, எக்ஸ்ட்ரா சோப்பு, ராத்திரி பதில். எல்லாம் பாசத்துல செய்யறதுதான், ஆனா ஒவ்வொண்ணும் சடங்கை நீட்டி விடுது. ஒரேடியா நிறுத்தச் சொல்லல, ஒவ்வொண்ணா, பையனுக்கு முன்கூட்டியே சொல்லிட்டு. ராத்திரி கேள்விக்கு பதில் இப்படி மாறுச்சு: "இதை கேக்கறது நீயா, பேஜாரா?" அதோட முடிச்சுக்கணும், ஆவாதுன்ற வார்த்தை வரக்கூடாது. மொத வாரம் ரணகளம், கதவை எட்டி உதைச்சான். அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, ஹார்பர்ல ஷிப்ட் வேலை, தூங்க வந்த மனுஷன், "ஒரு வார்த்தை சொல்லி தொலைங்கடி"ன்னு கத்தறாரு. மேடம் அடுத்த சிட்டிங்குக்கு அவரைத்தான் மொதல்ல உள்ள கூப்டாங்க, பையனை வெளிய உக்கார வெச்சிட்டு. இன்னா பேசினாங்கன்னு தெரியல, அன்னிலருந்து ராத்திரி கேள்வி வந்தா மாமாதான் மொத ஆளா "யாருடா கேக்கறது?"ன்றாரு.

இப்ப ரிசல்ட். இங்க மாசாமாசம் சைபாக்ஸ்னு ஒரு ஸ்கேல் எடுக்கறாங்க, பசங்களுக்கான ஓசிடி அளவுகோல், 0ல இருந்து 40 வரைக்கும், உலகம் பூரா ஆராய்ச்சில இதைத்தான் வெக்கிறாங்க. நல்லாயிருக்கானான்னு பொத்தாம்பொதுவா கேக்காம நம்பரா எழுதி வெக்கிற கிளினிக் இது ஒண்ணுதான் நான் பாத்தது. எங்க பையன் 27ல ஆரம்பிச்சு இப்ப 13ல நிக்கிறான். இதுல ஒரு வேடிக்கை இருக்குது. டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூணு நாட்டுலயும் சேர்த்து 269 பசங்களுக்கு 14 வாரம் சிபிடி பண்ணதுல 72.6 சதவீதம் பேருக்கு வேலை செஞ்சுதுன்னு வந்துச்சு, அங்க 15 இல்ல அதுக்கு கீழ வந்தா வேலை செஞ்சுதுன்னு கணக்கு. 2004ல ஜாமால வந்த பெரிய ஆராய்ச்சில 10 இல்ல அதுக்கு கீழ வந்தாதான் கணக்கு. அப்போ எங்க பையன் ஐரோப்பால பாஸ், அமெரிக்கால ஃபெயில்! யாராவது எங்ககிட்ட இத்தனை சதவீதம் சக்ஸஸ்னு விளம்பரம் பண்ணா, எந்த நம்பரை வெச்சு சொல்றீங்கன்னு கேளுங்க. குணமாயிடுச்சுன்னு மேடம் ஒரு நாளும் சொன்னதில்ல. எக்ஸாம் டைம்ல திரும்ப ஏறும், ஏறினா கீழ இருந்து மேல போற அந்த பயம் லிஸ்ட்டை திரும்ப எடுங்கன்னுதான் சொல்றாங்க, அரையாண்டுக்கு ஏறவும் செஞ்சுது.

மாத்திரை பத்தி என்கிட்ட கடைல நிறைய பேரு கேக்கறாங்க, அதனால இதையும். இங்க குழந்தைங்க சைக்கியாட்ரிஸ்ட் வாரத்துல சில நாள் வர்றாரு. எங்க பையனுக்கு மொதல்ல தெரபி மட்டும் பண்ணிப் பாக்கலாம்னுதான் ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நாள் கழிச்சு ராத்திரி தூக்கம் கெட்டு ஸ்கூல் போறதே கஷ்டமானப்ப செர்ட்ராலின்னு ஒரு மாத்திரை சேர்த்தாங்க, கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு. அந்த 2004 ஆராய்ச்சி இதைத்தான் பாத்துச்சு, 112 பசங்க, 12 வாரம். அந்த 10 கணக்குல பாஸ் ஆனவங்க, செர்ட்ராலினும் சிபிடியும் சேர்ந்து 53.6 சதவீதம், சிபிடி மட்டும் 39.3, செர்ட்ராலின் மட்டும் 21.4, டம்மி மாத்திரை 3.6. இதுல யாரும் பெருசா பேசாத ஒண்ணு, அந்த ஆராய்ச்சி நடந்த இடங்கள்ல பென்சில்வேனியா சென்டர்ல சிபிடி மட்டும் குடுத்ததே நல்லா தூக்கி நின்னுச்சு, டியூக் சென்டர்ல அதே சிபிடி அவ்ளோ எடுபடல. ஒரே மேனுவல், ஒரே ஆராய்ச்சி. யாரு கைல நடக்குதுன்றதுலயும் அவ்ளோ இருக்குது, பிரியாணி மாஸ்டர் மாறினா அண்டா மாறின மாதிரி ஆயிடுதுல்ல, அந்தக் கதைதான்.

பயந்துக்கினு மாத்திரைய நடுவுல நிறுத்தறவங்களுக்கு: ஓசிடில இது உடனே கேக்காது, டோஸ் ஏறி 10, 12 வாரம் பாத்துட்டுதான் வேலை செய்யுதா இல்லையான்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு. செர்ட்ராலினை ஓசிடி இருக்கற 6 வயசுலருந்து பசங்களுக்கு குடுக்கலாம்னு அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ அனுமதிச்சு ரொம்ப வருஷமாச்சு. அதே எஃப்டிஏ 2004ல எச்சரிக்கையும் போட்டுச்சு, இந்த வகை மாத்திரை ஆரம்பிக்கறப்பவும் டோஸ் மாத்தறப்பவும் சில பசங்களுக்கு தற்கொலை எண்ணம் வரலாம், கிட்ட இருந்து கவனிக்கணும்னு. இங்க டாக்டர் இதை மறைக்காம அக்காவையும் மாமாவையும் உக்கார வெச்சு சொன்னாரு, ஆரம்பத்துல வாரா வாரம் வரச் சொன்னாரு, எரிச்சல், பரபரப்பு, பேச்சுல மாற்றம் இருந்தா ராத்திரியானாலும் கூப்டுங்கன்னு நம்பர் குடுத்தாரு. சீட்டு இல்லாம யாரு கடைல குடுத்தாலும் வாங்காதீங்க, டக்குனு நிறுத்தவும் செய்யாதீங்க.

குறை இல்லாம இல்ல. ஸ்டார் கணக்குல நான் 4தான் குடுப்பேன். படிக்கட்டு செங்குத்து, லிஃப்ட் கிடையாது, ஆயா ஒவ்வொரு தடவையும் நடுவுல உக்காந்துதான் ஏறுவாங்க. ஹோம்வொர்க் ஷீட்டு பூரா இங்கிலீஷ்ல, எங்க வீட்ல நான் இருக்கேன் மாத்தி சொல்லிடறேன், மீதி பேரு இன்னா பண்ணுவாங்க? தமிழ்ல போடுங்கன்னு கேட்டா போடறோம் போடறோம்னு சொல்றாங்க, இன்னும் போடல. ஃபீஸு சிட்டிங்குக்கு ஆயிரத்துக்கு மேல, வாராவாரம்னா நம்ம ஏரியா சம்பளத்துக்கு கையைக் கடிக்கும், மாமாவோட இன்சூரன்ஸ்ல அட்மிட் ஆனாதான் காசு வரும், இந்த மாதிரி வந்துட்டுப் போறதுக்கு வராது. வெயிட்டிங்ல சின்னப் பசங்க விளையாட பொம்மை இருக்குது, 12, 13 வயசுப் பசங்களுக்கு ஒண்ணுமே இல்ல, எங்காளு வெக்கப்பட்டு மூலைல போய் நிக்கிறான். ஆனா ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் கேட்டப்ப மேடம் மறுநாளே குடுத்தாங்க, பாத்ரூம்ல லேட் ஆவறதுக்கும், எழுதி எழுதி அழிச்சு நோட்டு கிழியறதுக்கும் தண்டனை குடுக்காதீங்கன்னு. ஸ்கூல்ல அதை எவ்ளோ மதிச்சாங்கன்றது தனிக் கதை.

காசு முடியாதவங்க அதுக்காக விட்டுடாதீங்க. நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்குது, கீழ்ப்பாக்கத்துல அரசு மனநல மருத்துவமனை இருக்குது, 14416க்கு போன் பண்ணா டெலிமானஸ்ன்ற அரசு மனநல ஹெல்ப்லைன், காசு இல்ல, தமிழ்லயே பேசுவாங்க. எங்க போனாலும் மொதல்ல கேளுங்க: பையனை எதிர்ல வெச்சு தொட வெச்சு பண்ணுவீங்களா, இல்ல பேசி மட்டும் அனுப்புவீங்களா, வீட்டுக்காரங்களுக்கு தனியா சொல்லிக்குடுப்பீங்களா, நம்பர் எடுத்து வெப்பீங்களா. கேள்வி கேட்டா மூஞ்சிய சுளிக்கிற இடத்துல நான் பணம் கட்ட மாட்டேன்.

புக்கிங் பண்றவங்களுக்கு, சனிக்கிழமை ஸ்லாட்டு சீக்கிரம் முடிஞ்சிடும், வாரநாள்ல ஸ்கூல் விட்ட நேரம் கேளுங்க, மழைன்னா வீடியோக்கு மாத்தித் தருவாங்க, எக்ஸ்ட்ரா காசு கேக்கல. மொத சிட்டிங்குக்கு அம்மா மட்டும் போவாதீங்க, புள்ளகூட ராத்திரி யாரு படுக்கறாங்களோ, யாரு சோறு போடறாங்களோ அவங்களையும் சேர்த்து கூட்டிக்கினு போங்க, அது ஆயாவா இருந்தா படிக்கட்டுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்புங்க.